வியாழக்கிழமைக்காரி

போன வாரம் என் போனுக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. மாயவரத்தில் நான் சிறுவயதில் மனக்கணக்கு படித்த வகுப்புக்கு இருபதாம் ஆண்டு விழாவாம். சிறப்பு விருந்தினர் என்று என் பழைய படத்தைப் போட்டிருக்கிறார்கள். கீழே கொட்டை எழுத்தில், 'சர்வதேச மனக்கணக்குப் போட்டியில் தங்கம் வென்ற நம்ம ஊர்ப் பெண்'. பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறேன். என் தோளுக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பாவாடையின் ஓரம் கொஞ்சம் தெரிகிறது. பாவாடைக்காரியை வெட்டிவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டு இரண்டு தடவை அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் "எதுக்கு?" என்று கேட்பாள். அது அவளுடைய கேள்வி. பள்ளிக்கூடத்து வாத்தியார், பஸ் கண்டக்டர், மேடையில் மாலை போட்டு உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர், யார் அவளிடம் "இதைப் பெருக்கிச் சொல்லு பாப்போம்" என்றாலும் அந்த ஒரு வார்த்தைதான். முறைத்துக்கொண்டு கேட்க மாட்டாள். முகத்தை நேராகப் பார்த்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி கேட்பாள். கேட்டவருக்குச் சட்டென்று பதில் வராது. அதுதான் ஆளைக் குத்தும்.

வகுப்பு ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் நடந்தது. கீழே குடத்தைத் தட்டிப் பார்க்கிற சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். மாஸ்டர் அரசுப் பள்ளிகளுக்குப் போய் ஒரு பரீட்சை வைத்து அவளைக் கண்டுபிடித்து, சும்மாவே சேர்த்துக்கொண்டார். செம்பனார்கோயில் தாண்டி உள்ளடங்கிய ஒரு ஊர். அவளுடைய அம்மா நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவர்; அந்த வருஷம்தான் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானும் பயிர் வைத்திருந்தார். நான் எட்டாம் வகுப்பு, அவள் ஒன்பதாம் வகுப்பு. என்னை விடக் குட்டையாக இருந்தாலும் பெரிய வகுப்பு என்பதால் 'அக்கா' என்று கூப்பிட்டேன்.

நாங்கள் எல்லாரும் முதலில் மணிச்சட்டத்தில் பழகி, பிறகு அதைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு காற்றில் விரலால் மணியைத் தள்ளிக் கணக்குப் போடுவோம். முப்பது பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஆட்டுவதைப் பார்த்தால் தெரியாதவர்கள் பயந்துவிடுவார்கள். அவள் வந்த முதல் நாளே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கைய வெளிய எடும்மா. விரல் ஓடினாத்தான் கணக்கு ஓடும்" என்றார் மாஸ்டர்.

"எதுக்கு சார்? கணக்கு உள்ளதானே ஓடுது."

நாங்கள் சிரித்தோம். மாஸ்டர் சிரிக்கவில்லை. மூன்று இலக்க எண்களாகப் பதினைந்தை மடமடவென்று வாசித்தார். கடைசி எண்ணை அவர் முடிக்கவும் அவள் விடையைச் சொல்லவும் சரியாக இருந்தது. எங்கள் விரல்கள் பன்னிரண்டாவது எண்ணில் நின்றிருந்தன. அதற்குப் பிறகு அவளுடைய கையைப் பற்றி மாஸ்டர் பேசவே இல்லை.

அவள் வருகிற பஸ்ஸின் கண்டக்டருக்கு இந்தச் செய்தி எப்படியோ போய்விட்டது. தினமும் டிக்கெட் கிழிக்கும்போது, "என்ன கணக்குப் புலி, முப்பத்தேழ நாப்பத்தெட்டால பெருக்கு" என்பாராம். இவள் "எதுக்குண்ணே?" என்பாளாம். அவரும் சளைக்காமல் ஒரு வருஷம் கேட்டிருக்கிறார். இவளும் சளைக்காமல் ஒரு வருஷம் சொல்லவில்லை. ஒருநாள் நான் அவளுடன் பஸ் நிலையத்தில் நின்றிருந்தபோது, அந்தப் பக்கம் பெஞ்சில் ஓர் அம்மாள் முதியோர் பென்ஷன் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடம் எல்லாம், "எனக்கு வயசு என்னன்னு பாத்துச் சொல்லுங்க தாயி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யார் முகத்தைப் பார்த்து யார் வயசைச் சொல்ல முடியும்? அவரவர் பஸ் அவரவருக்கு. இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கடல் உள்ள வந்த அந்தப் பெரிய புயல் அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயி, மூத்தவன் இடுப்புல இருந்தான். ரெண்டாவது வயித்துல."

"வயசுக்கு வந்து எத்தன வருஷம் கழிச்சுக் கல்யாணம்?"

இப்படி நாலைந்து கேள்வி கேட்டாள். கை பாவாடைக்கு அடியில் போய்விட்டது. கண் எதிரே இருந்த டீக்கடைக் கூரையில் நின்றது. "அறுவத்தஞ்சு முடிஞ்சு அறுவத்தாறு. ஒரு வருஷம் முன்ன பின்ன இருக்கலாம். அறுவது தாண்டுனது நிச்சயம், தைரியமா எழுதச் சொல்லுங்க" என்றாள். அதற்குள் அவளுடைய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றாள். இந்த அம்மாளிடம் ஒரு தடவைகூட "எதுக்கு" என்று கேட்கவில்லை.

ஆனால் எனக்கு அப்போது அதெல்லாம் புரியவில்லை. திமிர் என்றுதான் நினைத்தேன். நான் நேர் எதிர். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயிலில் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் பாட்டுப் பாடினால், நான் மேடையேறி நாலு இலக்கத்தை நாலு இலக்கத்தால் பெருக்கிக் காட்டுவேன். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு கால்குலேட்டரில் சரிபார்த்துத் தலையாட்டுவார். அவருக்குக் கடைத்தெருவில் மருந்துக் கடை. யார் மருந்து வாங்க வந்தாலும் முதலில் என் கதையைக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை வாங்கிப் போக முடியும். கைதட்டு என்றால் எனக்கு உயிர். இப்போதும் கொஞ்சம் அப்படித்தான், பொய் சொல்வானேன்.

மாநிலத் தேர்வில் நாங்கள் இருவருமே தேறினோம். சர்வதேசப் போட்டி கோலாலம்பூரில். அவள் முதலில், நான் அவளுக்கு வெகு தூரம் பின்னால் மூன்றாவதாக. அவளுடைய பயணச் செலவை ஒரு ரைஸ் மில் முதலாளி ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அதற்கு ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. முதலில் என்னை மேடையேற்றினார்கள். முதலாளியின் லாரி நம்பரையும் கார் நம்பரையும் பெருக்கிச் சொன்னேன். மண்டபம் அதிர்ந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள்.

அடுத்து அவள். முதலாளி மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார்.

"பாப்பா, நான் பொறந்த தேதி சொல்றேன். அன்னிக்கு என்ன கிழமைன்னு சொல்லு பாப்போம்."

"எதுக்குங்க?"

முதலாளி சிரித்தார். "சும்மாதான். எல்லாரும் பாக்கட்டும்."

"உங்களுக்குத் தெரியணும்னா சொல்றேங்க. எல்லாரும் பாக்கறதுக்குன்னா வேணாங்க."

மாஸ்டர் ஓடி வந்து மைக்கைப் பிடித்தார். "குழந்தை கிராமத்துப் பொண்ணு, கூட்டத்தப் பாத்ததும் பயந்துருச்சு..."

"பயம்லாம் இல்ல சார்" என்று அவள் சொன்னது மைக்கில் தெளிவாகக் கேட்டது.

எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். இவள் தொலைந்தாள், இனி நான் மட்டும்தான் போகப் போகிறேன் என்று மனசு கணக்குப் போட்டது. பந்தியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அப்போது முதலாளி தனியாக எங்கள் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாப்பா, எனக்குத் தெரியணும்தான்" என்றார். குரல் மேடையில் கேட்ட குரலாக இல்லை. "ஜாதகத்துல ஒரு தேதி இருக்கு, பள்ளிக்கூடத்துல ஒரு தேதி. ரெண்டுக்கும் ஒரு வருஷம் வித்தியாசம். போன வருஷம் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் ஜாதகப்படி பண்ணிக்கிட்டேன். சரியான வருஷத்துலதான் பண்ணுனனான்னு ஒரு அரிப்பு இருந்துகிட்டே இருக்கு. எங்கம்மா எப்பவும் செவ்வாக்கிழமை பொறந்த பயன்னு திட்டுவாங்க."

அவள் ஜாங்கிரியை இலையில் வைத்தாள். "ரெண்டு தேதியும் சொல்லுங்க."

சொன்னார். வலது கை எச்சிலாக இருந்ததால் இடது கையை மட்டும் தொடைக்கு அடியில் விட்டாள். "ஜாதகத்துல இருக்கறது செவ்வாய். பள்ளிக்கூடத்துல இருக்கறது புதன். உங்கம்மா சொன்னதுதான் சரி."

அந்த மனிதர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா சொன்னது சரி" என்று இரண்டு தடவை சொன்னார்.

"இத அங்கயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள் இவள். அவர் பந்தி முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். டிக்கெட் உறுதியாகிவிட்டது. என் ஜாங்கிரியை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

அந்தத் தேதிக் குழப்பம் அவளுக்குள் வேலை செய்திருக்கிறது. அடுத்த வகுப்பில் மாடிப்படியிலேயே என்னைப் பிடித்தாள். நான் பிறந்த மாதம், வருஷம் எல்லாம் கேட்டாள். "அப்ப நான் உனக்கு அஞ்சு மாசம் சின்னவ. இனிமே அக்கான்னு கூப்பிடாத" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். அவளுடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் மே பதினைந்து. அவள் வகுப்பில் இன்னும் பத்துப் பேருக்கும் மே பதினைந்துதான். வீட்டில் பிறந்த பிள்ளைகள், பதிவு கிடையாது. நடவு தொடங்கிவிட்டால் நாலு வயசு நிறையாத பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மாக்கள் வயலில் இறங்க முடியாது. "சேத்துக்குங்க சார்" என்று கொண்டுவந்து விடுவார்கள். தலைமையாசிரியர் இரக்கப்பட்டு, ஐந்து வயது நிறைந்த மாதிரி ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொள்வார். எழுத எழுத அவருக்கும் அலுத்திருக்கும். எல்லாருக்கும் ஒரே தேதி. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இரண்டு பிறந்த நாள்.

அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "பதினெட்டாம் பெருக்கு அன்னிக்கு. ஆத்துல காதோலை கருகமணி விட்டுட்டு வர்றேன், கரையிலயே வலி எடுத்துருச்சு. வியாழக்கிழமை. மறுநா ஆடி வெள்ளி, ஊரே அம்மன் கோயில்ல இருக்கு, எனக்குக் கஞ்சி வைக்க ஆள் இல்ல" என்று அம்மா சொல்லியிருக்கிறார். வருஷம்தான் அவருக்குத் தெரியவில்லை. இவள் போட்டுப் பார்த்திருக்கிறாள். முன்னும் பின்னும் மூன்று வருஷத்தில் ஆடிப் பெருக்கு வியாழனில் வந்தது ஒரே ஒரு தடவை. சான்றிதழ் சொன்ன மே பதினைந்தோ ஞாயிற்றுக்கிழமை. அதுவும் ஒன்றேகால் வருஷம் முன்னால். உட்கார்ந்த இடத்தில், ஒரு காகிதமும் இல்லாமல், தான் பிறந்த நாளைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். அன்றைக்கு அவள் முகம் இருந்த மாதிரி எந்தப் பரிசு வாங்கியும் இருந்ததில்லை.

மாஸ்டரிடம் சொன்னோம். அவர் பேனாவை மூடி மூடித் திறந்தார். போட்டியில் இரண்டு பிரிவு: பதின்மூன்று வயது நிறையாதவர்கள், நிறைந்தவர்கள். கேள்வித்தாள் இரண்டு பிரிவுக்கும் ஒன்றுதான். சான்றிதழ்படி அவள் பெரிய பிரிவு. நிஜத்தில் என்னோடு சின்னப் பிரிவு. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவதற்கு முன்னால் பிறப்பைச் சரியாகப் பதிய வேண்டும். அவளுடைய அம்மா ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். வளர்ந்த பிறகு எழுத்துக் கூட்டிப் படித்தவர்; கையெழுத்து ஒவ்வொரு எழுத்தாக, கோட்டை விட்டு இறங்காமல் நின்றது. அதைக் கொண்டுபோய் என் அப்பாவிடம்தான் கொடுத்தார்.

"எங்களுக்கு ஆபீசுல யாரையும் தெரியாது சார். நீங்க குடுத்தீங்கன்னா உடனே நடக்கும்."

"நான் பாத்துக்கறேம்மா, நீங்க கவலப்படாமப் போங்க" என்றார் அப்பா.

பத்து நாள் கழித்து, ரப்பர் பேண்டு தேடிக் கடை டிராயரைத் திறந்தேன். இருமல் மருந்து விளம்பரத் தாள்களுக்கு அடியில் மனு கிடந்தது. அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரப்பர் பேண்டை எடுத்துக்கொண்டு டிராயரைச் சாத்தினேன். ஒரே பிரிவில் இருந்தால் அவள் முதலிடம், நான் அதற்குக் கீழே. வேறு வேறு பிரிவு என்றால் எனக்கும் ஒரு வாய்ப்பு. இந்தக் கணக்குக்கு எனக்கு விரலை ஆட்ட வேண்டியிருக்கவில்லை.

"டைம் பத்தல சார், ஆபீசுல இழுக்கறாங்க" என்று அப்பா மாஸ்டரிடம் சொன்னார். ஆபீசுக்குப் போகவே போகாத காகிதத்தை ஆபீசில் எப்படி இழுப்பார்கள்? மாஸ்டரும் ரொம்பக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பிரிவில் இரண்டு பதக்கம் என்று அவருக்கு ஒரு கணக்கு. மே பதினைந்து என்றே பாஸ்போர்ட் வந்தது. அவள் அதைத் திறந்து பார்த்தாள். "இருக்கட்டும் சார். பெரியவங்களோடயே உக்காருறேன்" என்றாள்.

கோலாலம்பூரில் பெரிய மண்டபம், பல தேசத்துப் பிள்ளைகள், ஏசிக் குளிரில் எனக்குப் பல் அடித்துக்கொண்டது. பத்து இலக்க எண்கள் பத்தைக் கூட்ட வேண்டும், எட்டு இலக்கத்தை எட்டு இலக்கத்தால் பெருக்க வேண்டும், வர்க்கமூலம், தேதிக்குக் கிழமை. விடைத்தாளின் மேலே பெயர், நாடு, பிறந்த தேதி. போட்டி தொடங்கும் முன் தாளை வாங்கிச் சரிபார்த்த பெண், பெரிய பிரிவுப் பக்கம் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அங்கே உதவிக்கு இருந்த உள்ளூர்த் தமிழ் அக்கா ஒருவரைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, பாஸ்போர்ட்ல வேற தேதி இருக்கே. நீ தப்பா எழுதிட்டியா?"

"இல்லக்கா. பாஸ்போர்ட்லதான் தப்பு. நான் எழுதினது சரி."

ஆடிப் பெருக்கும் வியாழனும் அங்கே யாருக்குத் தெரியும்? மாஸ்டரை உள்ளே வரவழைத்தார்கள். ஒத்துப்போகாவிட்டால் தாளை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். வெளியே தள்ளிவிடுவார்கள் என்ற பயத்தில் மாஸ்டர் பாஸ்போர்ட்டை அவள் முன்னால் விரித்து வைத்தார். அதில் இருக்கிற தேதியை எழுதச் சொன்னார். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். கடைசியில் அவரே அவள் தேதியை அடித்து, மே பதினைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இது நீங்க எழுதினது சார். நான் எழுதல" என்றாள். அப்புறம்தான் கையை எடுத்துப் பென்சிலைப் பிடித்தாள்.

மாலையில் சுவரில் முடிவை ஒட்டினார்கள். சின்னப் பிரிவில் முதலிடம், எழுபத்தொரு மதிப்பெண், நான். பெரிய பிரிவில் எண்பத்தாறு எடுத்து அவள் ஐந்தாவது. அவளுக்கு மேலே இருந்த நாலு பேரும் மீசை முளைத்த பையன்கள். பதக்கம் மூன்று பேருக்குத்தான். நான் இரண்டு பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வர்க்கமூலத்துல நல்லா பண்ணியிருக்க" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. பதக்கம் மாட்டியதும் எங்கள் இருவரையும் நிற்கவைத்து எடுத்ததுதான் அந்தப் படம்.

ஊரில் எனக்கு மேளம், மாலை, திறந்த ஜீப். பிளெக்ஸில் நான் மட்டும். பதினைந்து நாளைக்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் முடிந்ததும் பதக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவள் ஊருக்குப் பஸ் ஏறினேன். வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் வயலில் அவளுடைய அம்மா களை பறித்துக்கொண்டிருந்தார்; என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "வாம்மா எஸ்தர், சாப்புட்டுட்டுத்தான் போவணும்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்பா மனுவக் குடுக்கவே இல்ல. டிராயர்லயே வச்சிருந்தாரு" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடறதுக்கு முன்னாடியே."

வாய்க்காலில் ஆகாயத்தாமரை ஒன்று மதகில் மாட்டிக்கொண்டு சுற்றியது. நான் பையிலிருந்து பதக்கத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினேன். "இது உன்னோடதுக்கா." பழக்கத்தில் அக்கா என்று வந்துவிட்டது.

"எதுக்கு?"

அதே கேள்வி. அதே நேரான பார்வை.

"என் மார்க்கு எனக்குத் தெரியும். உன் மார்க்கு உனக்குத் தெரியும்" என்றாள். "இத எடுத்துட்டுப் போயி அந்த டிராயர்லயே வைக்கச் சொல்லு. அந்த மனுவ மட்டும் கொண்டாந்து குடு. அம்மா அத எழுத மூணு நாளு பழகுனாங்க."

மனு இல்லை. வருவதற்கு முன்னால் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அப்பா கிழித்துப் போட்டுவிட்டார். அதைச் சொன்னேன். அவள் எழுந்து, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். அம்மாவுக்குப் பக்கத்தில் குனிந்து களை பறிக்க ஆரம்பித்தாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. வகுப்புக்கும் அதன்பிறகு அவள் வரவில்லை.

அவளுடைய அம்மா இன்னொரு மனு எழுதவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சையையும் அவள் மே பதினைந்து என்றே எழுதினாள். இப்போது தெற்கே எங்கேயோ நில அளவையர் வேலையில் இருக்கிறாள் என்று கேள்வி. பட்டா கேட்டு வருகிற கிழவிகளுக்கு உட்கார நாற்காலி போட்டு ஒவ்வொன்றாக விளக்குவாளாம், மேலதிகாரி கூட்டத்தில் ஏதோ புள்ளிவிவரத்தை எழுந்து ஒப்பிக்கச் சொன்னபோது "எதுக்கு சார்? பைல்ல இருக்கே" என்றாளாம். கேட்டு நான் ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன். அந்தப் பொய்த் தேதியின்படி ஒன்றேகால் வருஷம் முன்னதாகவே ஓய்வு கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

நேற்று மாஸ்டருக்குப் போன் செய்தேன். அழைப்பிதழை மாற்றச் சொன்னேன். நான் இரண்டாவது, அவள்தான் முதல் என்று போடச் சொன்னேன்.

"ஏம்மா, இத்தன வருஷம் கழிச்சு இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அவள் கேட்டபோதெல்லாம் நமக்குப் பதில் தெரியாது. இவர் கேட்டதற்குப் பதில் எனக்குத் தெரியும். "கணக்கு தப்பா இருக்கு மாஸ்டர். தப்பான கணக்குக்குக் கீழ என் படத்தப் போட்டிருக்கீங்க. அதுக்குத்தான்" என்றேன். அவர், பிளெக்ஸ் அடித்தாகிவிட்டது, நேரம் பத்தாது என்றார். நேரம் பத்தாது என்ற வார்த்தையை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவருக்கு முன்வரிசையில் நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்களாம். "ஊரக் கூட்டி வச்சு என் மானத்த வாங்கப் போறியா?" என்றார்.

"ஆமாம்ப்பா" என்றேன். "வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

அவளைக் கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டால் வரவும் மாட்டாள். சுவரிலிருந்து அன்றைக்கு நான் கிழித்து எடுத்துவந்த இரண்டு பட்டியலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. சனிக்கிழமை சால்வை போடுவார்கள், பதக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லி மைக்கைக் கொடுப்பார்கள். எழுபத்தொன்று, எண்பத்தாறு என்று இரண்டு எண்ணையும் வாசிப்பேன். டிராயரைப் பற்றிச் சொல்வேன். மாஸ்டர் மைக்கைப் பிடுங்கினால் வெறும் தொண்டையிலேயே கத்திச் சொல்வேன். எங்களில் முதலில் வந்தவள் பதினெட்டாம் பெருக்கு அன்று பிறந்தவள். அன்றைக்கு வியாழக்கிழமை.